இன்னாரின் மனைவி

லூசி தர்ஸ்டனின் நூல் அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1882-இல் அச்சானது. ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட கடிதங்கள், நாட்குறிப்புகளிலிருந்து அவரே தேர்ந்து, அவரே வரிசைப்படுத்தியது. ஆனாலும் முகப்புப் பக்கம் அவரை ஹவாய்த் தீவுகளின் முன்னோடி மிஷனரியான பாதிரியார் ஆசா தர்ஸ்டனின் மனைவி என்றே அறிமுகம் செய்கிறது.

அவர் மனைவியான கதையே நம்மை நிறுத்திவிடுகிறது. 1819-இல் ஹவாய்க்கு முதல் குழுவை அனுப்பிய அமெரிக்க மிஷன் வாரியம், மணமாகாத ஆண்களை அங்கே அனுப்பத் தயங்கியது. எனவே அவசரக் கல்யாணங்கள். பள்ளி ஆசிரியையான 23 வயது லூசி, ஆசாவைப் பார்த்து மூன்று வாரம் ஆவதற்குள் அவரை மணந்தார். அக்டோபர் 23 அன்று பாஸ்டனிலிருந்து கப்பல் கிளம்பிவிட்டது. ஊழியத்தில் அவருக்கும் ஆர்வம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆர்வம் கடல் கடக்க, கல்யாணத்தைத் தவிர வேறு வாசல் பெரும்பாலும் இல்லை. (யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் இதே வாரியம்தான். மிரோன் வின்ஸ்லோவின் அகராதியை அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு, 1824-இல் உடுவில் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய அவர் மனைவி ஹாரியட்டைத் தெரியும்?)

இருளில் கிடந்த தீவுக்கு ஒளி கொண்டுபோகிறோம் என்பது மிஷனரிகளின் நம்பிக்கை. பெண்கள் ஆண்களோடு அமர்ந்து உண்ணக் கூடாது, பன்றியிறைச்சியும் வாழைப்பழமும் தேங்காயும் தொடக் கூடாது என்ற 'கபு' விலக்கு அங்கே இருந்தது உண்மை. ஆனால் 1820 வசந்தத்தில் கப்பல் கரை சேர்ந்தபோது அது உடைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. உடைத்தவர்களில் முதன்மையானவர்கள் மறைந்த மன்னரின் மனைவியரான காஅஹுமனுவும் கெயோபுவோலானியும். இளம் அரசரை அவர்கள் பெண்களோடு பந்தியில் உட்கார வைத்தார்கள். சோற்றுப் பந்தியில் யார் எங்கே உட்காரலாம் என்பதன் அரசியல் நமக்குப் புதிதா என்ன? பெண்களே முன்நின்று நடத்திய இந்தக் கலகத்தை, தங்கள் வருகைக்குக் கடவுள் செய்துவைத்த முன்னேற்பாடாகவே மிஷனரிகள் வாசித்தார்கள்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது சுவர். கைலுவாவில் தன் வீட்டையும் முற்றத்தையும் சுவரெழுப்பிப் பிரித்து, பிள்ளைகளுக்கென ஓர் உள்வட்டத்தை லூசி அமைத்தார். தீவு மக்கள் அதற்குள் வரக் கூடாது, பிள்ளைகள் அவர்களின் மொழியைக் கற்கக் கூடாது. அவர்கள் பேச்சு காதில் விழுந்தால் ஒழுக்கம் கெட்டுவிடுமாம். எந்த மக்களுக்காக வாழ்வைக் கொடுத்தேன் என்றாரோ, அவர்களின் மொழிக்கே வீட்டில் தீட்டு. இதை அவர் பெருமையாகவே எழுதுகிறார். அந்தச் சுவருக்குள் அவரும் அடைபட்டார் என்பதும் பிரதியிலேயே தெரிகிறது. 1840-இல் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார். போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் மகள் இறந்துபோனாள்.

1855-இல் மார்பகப் புற்றுக்கு மயக்க மருந்து இல்லாமல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதைப் பற்றி மகள் மேரிக்கு எழுதிய கடிதம்தான் நூலின் உச்சம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வேதனை. அதை அவர் பூச்சில்லாமல், வரிசையாகச் சொல்கிறார். பாதிரியாரின் மனைவி மறைந்து, உடம்பும் வலியும் உள்ள ஒரு பெண் பேசும் பக்கங்கள் அவை. பெண்ணெழுத்தின் வரலாற்றில் அவற்றுக்கு இடம் உண்டு என்று தயங்காமல் சொல்வேன். அதற்காக மற்ற பக்கங்களை மன்னிக்கச் சொன்னால் ஒப்பமாட்டேன். அதே ஆண்டுகளில் அந்தத் தீவுகளே செத்துக்கொண்டிருந்தன. 1832-இல் சுமார் 1,30,000 ஆக இருந்த மக்கள்தொகை, கப்பல்கள் கொண்டுவந்த நோய்களால் 1853-இல் சுமார் 73,000 ஆனது. அந்தப் பெண்களின் வலியை மகளுக்குக் கடிதமாக எழுதிவைக்க யாருக்கு வாய்த்தது? மிஷனரி வீடுகளில் துவைத்தவர்களும் சமைத்தவர்களும் இத்தகைய நூல்களில் பெரும்பாலும் பெயரில்லாமலே வந்துபோகிறார்கள்.

லூசியின் பேரன் லோரின் தர்ஸ்டன், 1893-இல் அரசி லிலியுஒகலானியின் ஆட்சியைக் கவிழ்த்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். பேரன் செய்ததைப் பாட்டியின் கணக்கில் எழுத நான் சொல்லவில்லை. 1898-இல் அரசி தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார். லூசியை வாசிக்கிறவர்கள் அதையும் கையில் எடுக்க வேண்டும். அவரும் ஒரு மிஷனரித் தம்பதி நடத்திய உறைவிடப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்தான்.