அம்புப் புழையும் ஆலய ஜன்னலும்

பியூமாரிஸ் கோட்டையின் தரைப்படத்தை முதன்முதலாகக் காண்கிறவர், அதைக் கைதேர்ந்தவள் ஒருத்தி வாசலில் இட்ட கோலம் என்றே நினைத்துவிடக்கூடும். சதுரத்தைச் சூழ்ந்து எண்கோணமாக ஒரு மதில், அதைச் சூழ்ந்து நீர் நிறைந்த அகழி, எதிரெதிரே இரண்டு வாயில்கள் என்று அத்தனை ஒழுங்கு அதில் அமைந்திருக்கிறது.

வேல்ஸ் தேசத்தின் ஆங்கிள்சி தீவில், மடாக் அப் லெவெலின் நடத்திய கிளர்ச்சியை அடக்கிய பின்னர், 1295-இல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு இதைக் கட்டத் தொடங்கினான். பிரதான ஸ்தபதி, சவாய் நாட்டிலிருந்து வந்த செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ். ஹார்லெக், கான்வி கோட்டைகளில் பாறை போன போக்கிலே மதிலை வளைத்துச் சென்ற அவருக்கு, இங்கே கிடைத்தது சமதளமான சதுப்பு நிலம். ‘அழகிய சதுப்பு’ என்பதுதான் பியூமாரிஸ் என்ற பிரெஞ்சுப் பெயருக்கே பொருள். தடுக்கப் பாறையில்லாத நிலத்திலே, அவர் மனத்திலிருந்த பூரண வடிவம் அப்படியே மண்ணில் இறங்கிற்று.

ஆனால் அந்த ஒழுங்கு கண்ணுக்காகப் பிறந்ததன்று. உள்மதில் உயர்ந்தும் வெளிமதில் தாழ்ந்தும் இருப்பது, முன்னே நிற்கும் வில்லாளியின் தலைக்கு மேலாகப் பின்னே நிற்பவனும் அம்பு எய்ய வேண்டும் என்பதற்காகவே. கொத்தளங்கள் மதிலுக்கு வெளியே வட்டமாகப் புடைத்திருப்பதனால், சுவரின் அடியை ஒட்டிப் பதுங்குகிற பகைவனும் பக்கவாட்டுப் பார்வைக்குத் தப்புவதில்லை. பெயர்த்தெடுப்பதற்குக் கல்லின் மூலையும் அவனுக்கு அகப்படுவதில்லை. வெளிவாயில் உள்வாயிலுக்கு நேராக இராமல் சற்று விலகியிருப்பதால், உள்ளே பாய்ந்து வருகிறவன் திரும்பியே தீரவேண்டும். திரும்புகிற அந்தக் கணத்தில் அவனுடைய விலாப்புறம் மதில்மேல் நிற்பவனுக்கு இலக்காகிவிடும். அதையும் கடந்தவனுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து இறங்கும் தடுப்புக் கதவுகளும், வாயில் விதானத்திலே தாக்குவதற்கென்று விட்ட துவாரங்களும் ஏற்பாடாயின.

இவற்றுள் எல்லாம் என் மனத்தைக் கவர்ந்து நிற்பது அம்புப் புழைதான். வெளியிலிருந்து பார்த்தால் கல்லில் இழுத்த ஒரு கோடு. உள்ளே சென்று நின்றால், இருபுறமும் சுவர் சரிந்து விரிந்து, ஒரு மனிதன் வில்லோடு இடமும் வலமும் நகர்ந்து குறிபார்க்கும் மாடமாகிவிடுகிறது. உள்ளிருந்து பார்ப்பவனுக்கு அகலத்தையும் மறைவையும் ஒரே கல்லிலே கொடுத்த அந்தச் சரிவை எந்த அலங்காரத்துக்கும் ஈடாகச் சொல்வேன்.

இந்தச் சௌந்தர்யத்துக்குக் கொடுத்த விலையையும் மறப்பதற்கில்லை. கோட்டைக்காக லான்வைஸ் ஊர் வேல்ஸ் மக்கள் குடிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு மைல் தொலைவில் குடியேற்றப்பட்டார்கள். 1296-இல் ஸ்தபதி அரசாங்கக் கருவூலத்துக்கு எழுதிய கடிதம், 400 கல்தச்சர்களும் 2,000 கூலியாட்களும் வேலை செய்வதையும் 30 படகுகள் ஓடுவதையும் கணக்குச் சொல்லிப் பணம் கேட்கிறது. ஸ்காட்லாந்துப் போர் அந்தப் பணத்தை விழுங்கியது. கொத்தளங்கள் எண்ணிய உயரத்தை எட்டாமலே, 1330-ஐ ஒட்டி வேலை நின்றுபோயிற்று.

நின்றுபோன அந்தக் கோட்டைக்குள்ளே, கிழக்குக் கொத்தளத்தில், ஒரு சிற்றாலயம் இருக்கிறது. வளைந்து கூடும் கல் விதானத்தின் கீழே, குறுகி உயர்ந்த ஜன்னல்கள் வரிசையாக ஒளியை உள்ளே விடுகின்றன. வெளியே குறுகி உள்ளே விரியும் அதே பிளவுதான் அங்கும். அம்பை வெளியே அனுப்பக் கற்ற உளி, இங்கே வெளிச்சத்தை உள்ளே அழைத்திருக்கிறது. பயத்துக்கும் பக்திக்கும் கல்தச்சன் வெவ்வேறு கை வைத்திருக்கவில்லை. எடுத்த காரியத்துக்கு முழு விசுவாசத்தோடு உழைத்த அந்த ஒரே கையின் அழகுதான், முடியாமல் நிற்கும் இந்த மதில்களிலும் குறைவில்லாமல் நிறைந்திருக்கிறது.