எட்டணாவும் காப்பிப் பொடியும்

வறுமையைப் பேசுதல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. புலவர்தம் வறுமையைச் சங்கப் பாடல்களில் பயின்றிருக்கிறோம். ‘நல்குரவு’ எனத் திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. ஆயினும் வறியவன் எதையெல்லாம் இழந்தான் எனக் கணக்கெடுத்த அளவுக்கு, அவன் எதை இழக்க மறுத்தான் என்று நம் திறனாய்வாளர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை. அரிசிக்கு முட்டுப்பாடான வீட்டிலும் ஒரு வாய்க் காப்பியோ, ஒரு முறை வெற்றிலையோ, வெளுத்து மடித்த ஒரு வேட்டியோ தப்பி நிற்கிறது. அதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. புதுமைப்பித்தன் அவ்வாறு ஒதுக்கவில்லை.

1943இல் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை அறியாதார் நம்மில் சிலரே. கடவுள் சென்னைக்கு வந்து காப்பி குடித்ததும், அதில் கலந்த சிக்கரி பற்றிய நகையாடலும் எல்லார் நினைவிலும் நிற்பவை. ஆனால் கடவுள் தோன்றுமுன்னரே அக்கதையில் ஒரு கணக்கு நடந்து முடிந்துவிடுகிறது. தெருமுனையில் நிற்கும் பிள்ளை, டிராமில் ஏறினால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை போடலாம் என்று எண்ணுகிறார். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரை ஏய்த்துச் சிறிது தூரம் கடந்தபின் டிக்கெட் வாங்கினாலோ அரைக் கப் காப்பி கிடைக்கும். ஆனால் வெற்றிலை இல்லை. இவ்வாறு கூட்டியும் கழித்தும் பார்க்கிறார். இரண்டும் வேண்டுமென்று அவர் ஆசைப்படவில்லை. இரண்டையும் விட்டுக் காசை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்னும் மூன்றாம் வழியோ, அவர் மனத்தில் எழவே இல்லை! ஏழைக்குச் சிக்கனம் தெரியாது என்போர் இந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று. வசதியுள்ளவர் எவரும் இத்துணை நுட்பமாகக் கணக்குப் பார்ப்பதில்லை. பின்னர்க் கதை கடவுளின் பக்கம் திரும்பிவிடுவதால் இந்தக் கணக்கு தொடரப்படாமல் நின்றுவிடுகிறது. அதனாலேயே, புகழில் குறைந்ததாயினும், 1937இல் எழுதப்பட்ட ‘ஒரு நாள் கழிந்தது’ கதையை நாம் உயர்வாகக் கருதுகிறோம்.

அதன் நாயகர் முருகதாசர் ஓர் எழுத்தாளர். கடைக்காரனுக்குப் பாக்கி நிற்கிறது. திங்கட்கிழமை தருவதாகத் தவணை சொல்லியாயிற்று. வந்த நண்பரிடம் கடன் கேட்டதில் கிடைத்தது எட்டணா. பதினாறணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் அரை ரூபாய் அது என்பதை நம் வீட்டு இளைஞர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம். அந்த எட்டணா கடைக்காரனுக்கென்று முருகதாசர் சொல்ல, காலையில் காப்பிக்குப் பொடி இல்லை என்கிறாள் மனைவி. திங்கட்கிழமைப் பாடு திங்கட்கிழமை என்ற முடிவோடு கதை நின்றுவிடுகிறது.

எழுத்தாளனின் பொறுப்பின்மையைக் காட்டும் கதை என்று இதனைக் கூறுவோர் உளர். அவர்கள் இறுதி உரையாடலைக் கவனித்ததாகத் தோன்றவில்லை. கடனைக் கட்ட விரும்புபவர் முருகதாசர். காப்பிப் பொடி வாங்கச் சொல்பவள் மனைவி. வீட்டின் இல்லாமையை அணு அணுவாக அறிந்தவள் அவள். எதைத் தள்ளிப் போடலாம், எதைத் தள்ளிப் போட முடியாது என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அவளுக்கே உண்டு. அவள் திங்கட்கிழமையைத் தள்ளிவைத்து, மறுநாள் விடியலைக் காப்பாற்றிக் கொள்கிறாள்.

காப்பி தமிழ்நாட்டிற்குப் பிந்தி வந்த பானம் என்பதையும், அது எதிர்ப்பைக் கடந்து நடுத்தர வகுப்பின் அடையாளமாக நிலைபெற்றதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூலில் விளக்கியுள்ளார். எனவே முருகதாசர் வீட்டுக் காப்பியும் ஊருக்குக் காட்டும் கௌரவம்தானே என்று கேட்கலாம். விருந்தினர் முன் வைக்கும் காப்பிக்கு இவ்விளக்கம் பொருந்தும். விருந்தோம்பலுக்காகத் தன் வாளையே அடகு வைத்த வீரனைப் புறநானூற்றின் 316ஆம் பாடலில் காணும் நமக்கு அது வியப்பும் அன்று. ஆனால் இந்த மனைவி கேட்பது மறுநாள் காலைக்கு. அப்போது யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? யாரும் காணாத அந்த ஒரு கோப்பைக்கு ஊர் மதிப்பைக் காரணம் காட்டுதல் பொருந்தாது.

தேயிலை ஏலம் 1947இல் தொடங்கிய கொச்சியில், எங்கும் தேநீர் மணக்கும் மட்டாஞ்சேரிக் கடைவீதியருகில் குடியிருந்துகொண்டு, மாதக் கடைசியிலும் ஃபில்டரைக் கவிழ்த்து வைக்க மனம் வராத நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. முதல் டிக்காக்ஷன் யாருக்குப் போகிறது, இரண்டாவதாக இறக்கிய நீர்த்த டிக்காக்ஷன் யாருக்கு மிஞ்சுகிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? புதுமைப்பித்தனும் முருகதாசர் மனைவியைப் பொடி கேட்க வைத்தாரேயன்றி, அவள் குடிப்பதைக் காட்டாமலே கதையை முடித்துவிட்டார். அக்கதையில் நாம் காணும் குறை இது ஒன்றே.

நம் நகரத்திலேயே புத்தகக் கடை வைத்திருந்த வைக்கம் முகம்மது பஷீரையும் இங்கு நினைக்க வேண்டும். புதுமைப்பித்தனுக்கு இரண்டாண்டு இளையவர், 1908இல் பிறந்தவர். அவருடைய ‘ஜன்மதினம்’ தன்மைக் கூற்றில் அமைந்த கதை. கையில் காசில்லாத எழுத்தாளன் ஒருவன், பிறந்த நாளுக்கென்றே எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கதர்ச் சட்டையும் வேட்டியும் வெள்ளைக் கான்வாஸ் காலணியும் அணிந்து சாய்வு நாற்காலியில் அமர்கிறான். ஃபோர்ட் கொச்சி வெளியிலுள்ள சலவைக் களத்தில், தலைமுறை தலைமுறையாக ஊராரின் துணியை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தந்த நம் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் தெரியும், ஒரு வெள்ளை வேட்டிக்கு இம்மண்ணில் என்ன மதிப்பு என்பது. வெள்ளையுடுத்திய அவன் பகலெல்லாம் பசியோடு கிடந்து, இரவில் பக்கத்து அறையிலிருப்போரின் அடுக்களையில் புகுந்து திருடி உண்கிறான்.

முருகதாசர் காப்பாற்றிக் கொண்டதற்கு விலை கடைக்காரனின் பொறுமை. பஷீரின் நாயகனுக்கோ, காலையில் வெள்ளையுடை அளித்த நிமிர்வு இரவுக்குள் திருட்டில் கரைகிறது. இவ்வகையில் பஷீர் ஒரு படி மேலே போய்விட்டார் என்றே சொல்ல வேண்டும். எனினும் இரு கதைகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது வேறொன்றும் புலப்படுகிறது. முருகதாசரின் அடுக்களையில், திங்கட்கிழமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஒருத்தி இருந்தாள். பஷீரின் நாயகன் தனியறையில் இருப்பவன். அவன் நுழைந்த அடுக்களையில் யாருமே இல்லை.