கேபிள் வீதிச் சுவரோவியம்: ஒரு மதிப்பீடு

பிரதேச வரலாற்றைப் போற்றும் சுவரோவியங்கள் பெரும்பாலும் முரண்பாடுகளை மறைத்து, ஊரை ஒரே குடும்பமாகக் காட்டுவன. கிழக்கு இலண்டனின் கேபிள் வீதிச் சுவரோவியத்தை நாம் இதற்கு விதிவிலக்காகக் கொள்கின்றோம். 1936 ஒக்டோபர் 4ஆம் நாள் ஒஸ்வல்ட் மோஸ்லியின் பாசிஸ்டுகளுடைய ஊர்வலத்தை யூதரும் ஐரிஷ் துறைமுகத் தொழிலாளரும் கம்யூனிஸ்டுகளும் தடுத்தமையே அதன் பொருள். டேவ் பின்னிங்ரன் தொடங்கிய பணி, வலதுசாரிகள் ஓவியத்தைச் சிதைத்த பின்னர் அவரால் கைவிடப்பட்டு, வேறு மூன்று ஓவியர்களால் 1983இல் நிறைவுபெற்றது.

ஓவியத்தில் மக்களுக்கு எதிரே நிற்போர் பிரதானமாகப் பொலிஸாரே. அன்று ஊர்வலத்துக்கு வழி திறக்க முயன்றவர்களும் அவர்களே. அரசு வர்க்கங்களுக்கு அப்பாற்பட்ட நடுவர் அன்று என்ற உண்மை இங்கு சுலோகமாக அன்றிக் காட்சியமைப்பாகவே வெளிப்படுகின்றது. சுழன்றெழும் அவ்வமைப்பு தனிநாயகர் எவருக்கும் இடமளிக்கவில்லை. திரண்ட மக்களே நாயகர். உள்ளடக்கமே உருவத்தை நிர்ணயித்துள்ளது.

ஆயினும் ஓவியம் மோதற் கணத்தோடு நின்றுவிடுகின்றது. அதே ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் அரசியற் சீருடைகளைத் தடைசெய்ததுடன், ஊர்வலங்கள் மீதான பொலிஸ் அதிகாரத்தையும் விரிவாக்கிற்று. 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அச்சட்டம் தொழிலாளர் மீதே பிரயோகிக்கப்பட்டது. மக்களின் வெற்றியைப் பாடும் கலை, அவ்வெற்றியை அரசு எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்பதையும் காட்டுதல் வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.