நீயேதான் எழுதினியா?

ஃபிலிஸ் வீட்லியின் அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது மங்கலான ஜெராக்ஸ் தாளில். மேசை முன்னால் ஒரு கறுப்பினப் பெண். வலக்கையில் இறகுப் பேனா. இடக்கை கன்னத்தில். பார்வை மேலே எங்கேயோ. அடுத்த வரியை யோசிக்கிறார்.

பிறகுதான் படத்தைச் சுற்றியிருந்த நீள்வட்ட எழுத்தைப் படித்தேன். 'பாஸ்டன் ஜான் வீட்லி அவர்களின் நீக்ரோ வேலையாள்' என்கிறது. அடிமை என்று சொல்லக்கூட நாசூக்கு தடுத்திருக்கிறது. ஃபிலிஸ் என்பது 1761இல் அவரை ஏற்றி வந்த கப்பலின் பெயர். வீட்லி, விலை கொடுத்து வாங்கியவரின் பெயர். அப்போது முன்பல் விழுந்திருந்ததை வைத்து வயசு ஏழெட்டு என்று கணித்தார்கள்.

1773இல் லண்டனில் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் முகப்புப் படம் இது. செப்புத் தகட்டில் கோடு கோடாய்க் கீறி, மை அப்பித் துடைத்து, தாளில் அழுத்தி எடுத்தது. தகட்டின் அடியில் புத்தக வியாபாரி ஆர்ச்சிபால்ட் பெல்லின் பெயரும் முகவரியும் உண்டு. வரைந்தவர் பெயர் இல்லை. பாஸ்டனில் அடிமையாயிருந்த சிப்பியோ மூர்ஹெட்தான் வரைந்தவர் என்று பலரும் கருதுகிறார்கள்.

படம் மட்டும் போதவில்லை. கவர்னர் ஹட்சின்சன் தொடங்கி 18 கனவான்கள், எழுதியது இந்தப் பெண்தான் என்று கையெழுத்துப் போட்ட அத்தாட்சியும் புத்தகத்தில் இருக்கிறது. எஜமானரும் அதில் ஒருவர்.

இதைப் படித்தபோது என் கல்லூரி வகுப்பு ஞாபகம் வந்தது. என் கட்டுரையைத் திருப்பித் தந்த ஆசிரியர், "நீயேதான் எழுதினியா? யாரு எழுதிக் கொடுத்தா?" என்றார், எல்லோர் முன்னாலும். வேறு யாரையும் கேட்கவில்லை.

வீட்லியின் கவிதைகளில் பக்தி அதிகம், கோபம் குறைவு. எஜமானர்களின் செய்யுளையே எழுதினார் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கறுப்பின விமர்சகர்களே சிலர் அப்படிச் சொன்னார்கள். இந்தத் தீர்ப்பு அவசரமானது என்பேன். சட்டகத்தை விட்டுவிட்டுக் கவிதையை மட்டும் படிக்கிறார்கள். 18 பேரின் கையெழுத்துக்குக் கட்டுப்பட்ட புத்தகத்தில் எதை எழுத முடியும்?

புத்தகம் வந்த கையோடு, 1773லேயே அவருக்கு விடுதலை கிடைத்தது. 1774 பிப்ரவரியில், சாம்சன் ஆக்கம் என்ற மொஹீகன் பழங்குடிப் போதகருக்கு ஒரு கடிதம் எழுதினார். சுதந்திரம் என்று முழங்கிக்கொண்டே அடிமைகளை வைத்திருப்பவர்களின் முரணை அதில் நேராகவே சாடுகிறார். பத்திரிகைகளிலும் அது வந்தது. அதே பேனாதான். எஜமானர்தான் இல்லை.

1789இல் ஒலாடா எக்வியானோ தன் வரலாற்றைத் தானே வெளியிட்டார். முகப்புப் படத்தில் வாசகரை நேராகப் பார்க்கிறார். கையில் விரித்த பைபிள். ஆப்பிரிக்கப் பெயர் முன்னால், எஜமானர் சூட்டிய பெயர் பின்னால். வீட்லி அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1784இல் வறுமையில் இறந்துபோனார். வயது 31 இருக்கும். இரண்டாவது தொகுப்புக்குச் சந்தா கேட்டு விளம்பரம் செய்தும் அது அச்சேறவில்லை.

நம்முடைய முதல் தொகுப்புகளைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அணிந்துரை யாருடையது? நம்மை அறிமுகப்படுத்தும் வரியில் முதலில் வருவது கவிதையா, சாதியா? சாதியை நாமே சொல்லிக்கொள்வது வேறு. அடுத்தவர் நம்மைச் சுற்றி எழுதிவைப்பது வேறு. விமர்சனம் செய்கிறவர்கள் அந்த எழுத்தையும் சேர்த்துத்தான் படிக்கணும்.