‘இந்தியா’ இதழும் எல்லைக்கோடும்

பாரதியின் இதழியலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவர்தம் எழுத்தின் வீறையே போற்றினர். முதலீடு, அச்சு, அஞ்சல் என்பன அடிக்குறிப்பாயின. ‘இந்தியா’ வார இதழைப் பொறுத்தவரை இது பெருங்குறை.

1906இல் சென்னையில் தொடங்கிய அவ்விதழ், தமிழில் அரசியல் கருத்துப்படங்களை முறையாக வெளியிட்ட முன்னோடி. எழுத்தறியாதாரையும் எட்டவல்ல அப்படங்களை நீக்கிக் கட்டுரைகளை மட்டும் படிப்பது பாதி இதழைப் படிப்பதேயாகும். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலியில் எழுச்சி மூண்டது. மக்களின் சினத்திற்குக் காரணம் தேடாத அரசு, அதனை எழுதியோரைத் தேடியது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவுபெற்றிருந்தவர் சீனிவாசன். ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை அவருக்கே விதிக்கப்பட்டது. பாரதி புதுச்சேரி சென்றார். (இதனைச் சுட்டுவது பாரதியைக் குறைப்பதாகாது, சீனிவாசனை மறப்பதே பிழை.)

அவ்வாண்டிலேயே இதழ் புதுச்சேரியில் மீண்டும் எழுந்தது. அச்சிடும் உரிமையும் வாசகரிடம் சேர்க்கும் உரிமையும் வேறுவேறு என்பதை நாம் காணத் தவறுவது இங்கேதான். பிரெஞ்சு ஆட்சி முன்னதை அளித்தது. பின்னது ஆங்கிலேயர் கையில் இருந்தது. வாசகருள் மிகப்பலர் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தனர். இதழின் வாதங்களுக்கு மறுமொழி கூறாத அரசு, அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழைவதைத் தடுத்தது. 1910 மார்ச்சில் ‘இந்தியா’ நின்றது. பாரதி அப்போதும் புதுச்சேரியில்தான் இருந்தார்.