பாசி மூடும்வரை பாருங்கள்

"சார், கதை நல்லாருக்கா, படம் நல்லாருக்கா?" பிளஸ் ஒன் வகுப்பில் வருஷத்துக்கு ஒருவனாவது இதைக் கேட்டுவிடுவான். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. "எதெல்லாம் மாறியிருக்குன்னு எழுதிக்கிட்டு வா" என்று அனுப்பிவிடுவேன். நாவல் படமாகும்போது கை வைத்த இடங்கள்தான் ரசிகனுக்குத் தீனி.

இதைப் பழக 'பதேர் பாஞ்சாலி'யை விட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல் 1929-ல் நூலானது. சத்யஜித் ராயின் படம் 1955-ல் வந்தது. தமிழில் நாவலைத் தந்தவர் 'நாகம்மாள்' எழுதிய ஆர். சண்முகசுந்தரம்.

நாவலை முதலில் படியுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள். நிச்சிந்திபுரம் என்ற ஊரில் ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பம். துர்கா, அப்பு என்று இரண்டு பிள்ளைகள். மூங்கில் தோப்பு, மாங்காய், மழை என்றுதான் பக்கங்கள் போகும். 'என்ன நடக்கப் போகிறது' என்று தேடினால் நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். ராத்திரி பத்துப் பக்கம் போதும்.

பிறகு படம். முதலில் ரயிலைக் கவனியுங்கள். நாவலில் பிள்ளைகள் தண்டவாளத்தைத் தேடி ஓடி, வழி தெரியாமல் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். துர்கா ரயிலைப் பார்க்காமலே சாகிறாள். ஊரை விட்டுப் போகும்போதுதான் அப்பு பார்க்கிறான். ராயோ வெள்ளை வெளேரென்ற காஷ் நாணல் பூக்களுக்கு நடுவே இருவரையும் ஓடவிட்டு, ரயிலைக் கொண்டுவந்தே விடுகிறார். அதிலும் துர்கா இடறி விழுகிறாள். அப்பு மட்டும் கிட்டே போய்விடுகிறான். நாவலின் துயரம் அந்த ஒரு இடறலில் மிஞ்சியிருக்கிறது. திரும்பும் வழியில் மூங்கில் தோப்பில் அவர்கள் வீட்டுக் கிழவி இந்திர் உட்கார்ந்தபடியே செத்திருக்கிறாள். நாவலில் அவள் அப்பு கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுவாள். ராய் அந்தச் சாவைத் தள்ளி வைத்து, ரயிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒரே நாளில் பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறார்கள்.

(அந்தப் பூக்களுக்கு ஒரு கதை உண்டு. 1952 அக்டோபரில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.)

அடுத்தது, துர்கா திருடிய பொருள். அவள் செத்த பிறகு அது அப்பு கையில் கிடைக்கிறது. நாவலில் அது ஒரு பொன் குங்குமச் சிமிழ். அவன் மூங்கில் புதருக்குள் வீசுகிறான். படத்தில் அது ஒரு கழுத்து மாலை, குளத்தில் வீசுகிறான். ஏன் குளம்? அந்த ஷாட்டை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். விழுந்த இடத்தில் பாசி விலகுகிறது, கருந்தண்ணீர் தெரிகிறது, பிறகு மெல்லக் கூடி மூடிக்கொள்கிறது. அக்காளின் ரகசியத்தை இனி யாரும் எடுக்க முடியாது. எழுத்தில் இதற்கு ஒரு பத்தி வேண்டும். இங்கே சில நொடிகள், வசனம் கிடையாது.

காதையும் கூட்டிக்கொண்டு போங்கள். வெளியூர் போன அப்பா மகளுக்குப் புடவை வாங்கி வருகிறார். அவள் செத்தது அவருக்குத் தெரியாது. புடவையைக் கையில் வாங்கிய தாய் கதறுகிறாள். அந்தக் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதன் இடத்தில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்சத்தில் அழுகிறது. இசை ரவிசங்கர். வகுப்பில் இந்தக் காட்சியை ஒரு முறை சத்தமில்லாமலும் ஒரு முறை சத்தத்தோடும் போடுவேன். இரண்டாம் முறை பின் பெஞ்சும் அடங்கிவிடும்.

கண்ட பிரதியில் பார்க்காதீர்கள். மூல நெகடிவ் 1993-ல் லண்டனில் ஒரு லேப் தீவிபத்தில் கருகிப்போனது. சுருங்கி, ஓரம் உருகிக் கிடந்ததை இத்தாலியின் போலோன்யாவில் கையாலேயே ஒட்டிச் சீர்செய்து, 2015-ல் 4கே டிஜிட்டல் வடிவில் மீட்டார்கள். அந்தப் பிரதியில் தண்ணீர்ப் பூச்சிகளின் கால்கூடத் தெரியும். மங்கிய பழைய பிரதியை யூடியூபில் பார்த்துவிட்டு "ஸ்லோவா இருக்கு" என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து நொடி தள்ளும் பொத்தானை அழுத்திக்கொண்டே சொல்பவர்கள் மேல்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒன்று செய்து பாருங்கள்: கையிலிருக்கும் போனில் இரண்டு நிமிஷக் கதை. என் மாணவர்களுக்கு இது கட்டாயம். பெரும்பாலும் படம் தொடங்கும் முன்பே பின்னணிக் குரல் தொடங்கிவிடும், சோகமென்றால் சோகப்பாட்டு. ஒருத்தி, இறந்துபோன ஆச்சியின் காலிக் கயிற்றுக்கட்டிலைப் படம்பிடித்து வந்திருந்தாள். அதன் மேலும் ஒரு சினிமாப் பாட்டு. அதை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். ஃபேன் சத்தம் கேட்டது. அப்புறம், படத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆண் குரல்: "இந்தக் கட்டில மாடிக்கு ஏத்திரலாமா?" அவள் அப்பாவாம். அது பதிவாகியிருந்ததே அவளுக்கு அதுவரை தெரியாது.