ஒரே குடும்பம், ஒரே குணமா?

உலோகங்களின் பண்புகள் யாவை என்று கேட்டால், மாணவர்களே, நீங்கள் தயங்காமல் விடை சொல்வீர்கள். பளபளப்பு உண்டு, வெப்பத்தையும் மின்சாரத்தையும் எளிதில் கடத்தும், தகடாக அடிக்கலாம், கம்பியாக நீட்டலாம். ஒரே தொகுதியைச் சேர்ந்த தனிமங்கள் ஒத்த பண்புடையவை என்றும் சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இந்த விடை தவறன்று. ஆனால் பாதி விடைதான். மறுபாதியை அறிய ஒரு நூல் இருக்கிறது.

இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லெவி 1975-இல் வெளியிட்ட 'தனிம அட்டவணை' என்பதே அந்நூல். ஆங்கில மொழிபெயர்ப்பு 1984-இல் வந்தது. மொத்தம் 21 அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிமத்தின் பெயர். அவற்றுள் 14 உலோகங்கள். தம் வாழ்க்கையையே தனிமங்களின் வழியாகச் சொல்கிறார் ஆசிரியர்.

பொட்டாசியம் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். ஆண்டு 1941. பல்கலைக்கழக மாணவரான லெவி, பென்சீனில் உள்ள ஈரத்தை நீக்க வேண்டும். அதற்குச் சோடியம் தேவை, அது கிடைக்கவில்லை. அட்டவணையில் நேர் கீழே உள்ள பொட்டாசியத்தை எடுத்துக்கொள்கிறார். வேலை நன்றாகவே முடிகிறது. காலிக் குடுவையைக் கழுவத் தண்ணீர் விட்டதும் தீ சீறுகிறது. சன்னல் திரை பற்றிக்கொள்கிறது. குடுவையில் ஒட்டியிருந்த பொட்டாசியத் துணுக்கு ஒன்றே காரணம்.

'ஏறக்குறைய ஒன்றுதான்' என்பதை நம்பாதே என்னும் பாடத்தை லெவி இதிலிருந்து பெறுகிறார். ஆனால் வேறுபாடு ஏன் என்று அவர் விளக்கவில்லை. அதை நாம் பார்ப்போம். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான்தான். சோடியத்தில் அது மூன்றாம் கூட்டிலும், பொட்டாசியத்தில் நான்காம் கூட்டிலும் உள்ளது. கருவிலிருந்து தொலைவு கூடினால் பிடி தளரும். அந்த எலக்ட்ரானைப் பிரிக்கச் சோடியத்துக்கு 5.14 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், பொட்டாசியத்துக்கு 4.34 போதும். எண்ணில் சிறிய இந்த வேறுபாடுதான் தீயாக வெளிப்பட்டது.

துத்தநாகமும் இவ்வாறே. நீர்த்த அமிலத்தில் அது கரையும் என்று படிக்கிறோம். மிகத் தூய துத்தநாகமோ எளிதில் கரைவதில்லை. ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசல் விட்டால், அதன்மேல் செம்பு படிந்து நுண்ணிய மின்கலங்கள் உண்டாகின்றன. உடனே ஹைட்ரஜன் நுரைத்து எழுகிறது. இனத்தூய்மை பேசிய பாசிச அரசு யூதர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றிய நாடு அது. யூதரான லெவி, கலப்பின்றி வினையில்லை, வாழ்வும் இல்லை என்று துத்தநாகத்தைக் காட்டிச் சொல்வது நெஞ்சைத் தொடுகிறது.

1944-இல் அவர் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே ஆய்வுக்கூடத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத சிறு தண்டுகளைக் காண்கிறார். கத்தியால் சுரண்டினால் பொறி பறக்கிறது. இரும்பும் சீரியமும் கலந்த உலோகக்கலவை! சீரியத்தின் நுண்துகள் காற்றில் தானே பற்றும். தண்டுகளைச் சிகரெட் லைட்டர் கற்களாக்கி, நண்பருடன் சேர்ந்து ரொட்டிக்கு மாற்றுகிறார். அட்டவணையின் அடியில் தனியே ஒதுக்கி அச்சிடப்படும் வரிசையைச் சேர்ந்த ஓர் உலோகம் இருவரின் பசியைத் தணித்தது.

குறைகளும் உண்டு. அத்தியாயங்கள் அணு எண் வரிசையில் இல்லை. ஈயம், பாதரசம் ஆகியவை பற்றியவை கற்பனைக் கதைகள். அவற்றை வரலாறாகக் கொள்ளக் கூடாது. பண்புகளைத் தொகுத்துப் படிக்க விரும்புவோர் பாடநூலைத்தான் நாடவேண்டும்.

ஆனால் பாடநூல் ஒற்றுமையைக் கற்பிக்கிறது. இந்நூல் வேற்றுமையை மதிக்கக் கற்பிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நம் கையையும் கண்ணையும் காப்பது இந்த இரண்டாவது அறிவே. பாடநூலைப் படித்த கையோடு இதையும் படியுங்கள்.